இருபது காசுக்கு மூன்று உயிர்

மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அந்த இயந்திரத்தின் திரையில் ஒரு படம் தெரிந்தது. டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறக் கண்ணாடிக்குள் பழுப்பாகச் சில கோடுகள். மூலைக்கு மூலை திரும்பும் சந்துகள், நடுவில் ஒரு சின்னக் கூண்டு. பேக்-மேன் விளையாட்டின் பாதைகள் அவை. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டில் எத்தனை கட்டம் தாண்டினாலும் பாதைகள் மாறுவதில்லை. மாறாத கோடுகளைக் காலை முதல் இரவு வரை, வருடக்கணக்கில் காட்டிக்கொண்டே இருந்தால் பிக்சர் டியூப்பின் உட்புறம் பூசிய பாஸ்பர் அந்த இடங்களில் மட்டும் தேய்ந்துவிடும். கித்தா மரத்தில் பால்வெட்டிய தழும்பு மாதிரி. மரத்தைப் பார்த்தே எத்தனை வருடம் வெட்டினார்கள் என்று என் தாத்தா சொல்வார். இந்தத் திரையைப் பார்த்து நானும் அப்படி ஏதாவது சொல்ல முடியுமா என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானில் ஒரு பழைய சாமான் கடையின் பின்கட்டில், உடைந்த குளிர்பதனப் பெட்டிகளுக்கும் தையல் மெஷின்களுக்கும் நடுவில் கிடைத்தது அது. ஒட்டுப்பலகையில் செய்து மேலே ஃபோர்மைக்கா ஒட்டிய ஆளுயரப் பெட்டி. அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. விலையைவிட லோரி வாடகையும், நான்கு பேர் தூக்கிய கூலியும் அதிகம். பெட்டாலிங் ஜெயாவில் எங்கள் வரிசை வீட்டின் முன்கூடத்தில் இறக்கியபோது மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: “சாமி மேடைக்குப் பக்கத்துலயா வைக்கப் போறீங்க?”

பழைய கேம் இயந்திரங்களை வீட்டில் வாங்கி வைத்துப் பழுதுபார்க்கும் ஆட்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்போது ஓரளவு இருக்கிறார்கள். அம்கோர்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில் அவர்களைப் பார்க்கலாம். ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள், ஏறக்குறைய எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவர்களில் ஒருவனாக இருந்துகொண்டே சொல்கிறேன், எங்களிடம் ஒரு கோளாறு உண்டு. பொருளைப் பற்றி எல்லாம் தெரியும். பொருள் எங்கிருந்து வந்தது, ஏன் காணாமல் போனது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஆனால் முதலில் பெட்டியைத் திறக்க வேண்டும்.

கேம் இயந்திரம் என்பது வெளியில் தெரிகிற அளவுக்குப் பெரிய மர்மம் இல்லை. ஒரு டிவி, ஒரு மின்வழங்கி, சில பட்டன்கள், ஒரு காசுப்பெட்டி. இவற்றின் கம்பிகள் எல்லாம் ஒரே ஒரு நீளமான செருகியில் வந்து முடியும். அந்தச் செருகியில் விளையாட்டுப் போர்டைச் செருக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ வருவதற்குப் பல வருடம் பிடித்தது. ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குக் கம்பிகளை அமைத்தது. விளையாட்டு பழசாகிவிட்டால் கடைக்காரர் முழு இயந்திரத்தையும் தூக்கிப் போட வேண்டும், அல்லது கம்பிகளை வெட்டி மறுபடியும் பற்றவைக்க வேண்டும். 1985 வாக்கில் ஜப்பானிய கேம் இயந்திர உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொது அமைப்பைக் கொண்டுவந்தது. சங்கத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அதை ஜாமா என்பார்கள். பக்கத்துக்கு 28 என மொத்தம் 56 முனைகள். முதல் இரண்டு முனை பூமிக்கம்பி, அடுத்த இரண்டு ஐந்து வோல்ட், ஆறாவது பன்னிரண்டு வோல்ட். ஏழாவது இடத்தில் ஒரு சின்னத் தடுப்பு. போர்டைத் தலைகீழாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் தடுப்பு இல்லாத மலிவுச் செருகியில் திருப்பிச் செருகிப் போர்டைப் புகைத்தவன் நான், அதனால் அதை மரியாதையோடு குறிப்பிடுகிறேன்.

என் பெட்டிக்குள் இந்த வரலாறு அப்படியே இருந்தது. பேக்-மேன் காலத்து மூலக் கம்பிகளை யாரோ பாதியில் வெட்டி, அவற்றின் நுனிகளில் ஜாமா செருகியின் கம்பிகளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். ஒரு முடிச்சுகூட ஒழுங்காக ஈயம் வைத்ததாக இல்லை. அவசர வேலை. நாளைக் காலை கடை திறக்க வேண்டும் என்று இரவோடு இரவாகச் செய்த வேலை. அதை அழகாக மாற்றிக் கட்டும்படி நண்பர்கள் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. டேப்பை மட்டும் புதிதாகச் சுற்றினேன்.

இனி வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம். பிக்சர் டியூப்பைத் தொடாதீர்கள், தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். வண்ண டியூப்பின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி போட்ட ஓர் இடம் இருக்கும். வேலை செய்யும்போது அங்கே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் கண்ணாடிக்குள் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரின் கம்பியில் ஒரு வயரைக் கட்டி, வயரின் மறுமுனையை டியூப்பைச் சுற்றிப் போகும் பூமிக்கம்பியில் மாட்டி, தொப்பிக்கு அடியில் நுனியை நுழைத்து அதை இறக்குவார்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் இயந்திரத்தை யாரும் விளையாட்டுப் பொருளாக நினைப்பதில்லை. போர்டைச் செருகும் முன் வெறும் மின்வழங்கியை மட்டும் ஓடவிட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். ஐந்து வோல்ட் என்றால் ஐந்துதான். கால் வோல்ட் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் போனால் சில்லுகள் தாங்காது. ஜப்பானிலிருந்து வரும் பெட்டிகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் சுவரில் வருவது 240. இடையில் டிரான்ஸ்போர்மர் வைக்க மறந்துவிட்டு, வாங்கிய அன்றே அழுதவர்கள் உண்டு.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. உலகத்தில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. சாயங்காலம் நான்கு மணிக்கு வானம் கறுத்தால் என் முதல் வேலை துணி எடுப்பது அல்ல, பிளக்கைப் பிடுங்குவது. ஈரக்காற்று வேறு. காசுக்கதவு துருப்பிடிக்கும், கெப்பாசிட்டர்கள் வீங்கும், மின்வழங்கியின் சூட்டுக்குப் பல்லி வந்து குடியேறும். ஒரு முறை ஒரு போர்டில் குறுக்கே படுத்துச் செத்த பல்லியின் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். தலை ஐந்து வோல்ட்டில், வால் பூமிக்கம்பியில்.

பெட்டியோடு வந்த போர்டு 1943. கெப்கோம் நிறுவனம் 1987இல் வெளியிட்ட விமான விளையாட்டு. அமெரிக்கப் போர் விமானம் ஒன்றை ஓட்டி ஜப்பானியக் கப்பற்படையை அழிக்க வேண்டும். விளையாட்டைச் செய்ததோ ஜப்பானியர். சயாம் மரண ரயில்பாதை கட்டி முடிக்கப்பட்ட வருடமும் அதே 1943தான். எங்கள் தோட்டத்தில் அதற்குப் போய்த் திரும்பாதவர்கள் இல்லாத லயம் கிடையாது என்பார்கள். அந்த வீட்டுப் பேரன்கள் நாற்பது வருடம் கழித்து அந்தத் தலைப்பின் கீழ் காசு போட்டு ஜப்பானியக் கப்பலைச் சுட்டார்கள். யாருக்கும் தாத்தா ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் வரவில்லை.

போர்டு அசல் அல்ல, நகல். அந்தக் காலத்தில் இங்கே ஓடியவற்றில் நகல் நிறைய. ஒரு விளையாட்டு பிரபலமான சில வாரங்களுக்குள் தைவானிலும் ஹாங்காங்கிலும் அதைப் பிரதியெடுத்துவிடுவார்கள். சேகரிப்பவர்கள் நகலை மதிப்பதில்லை, விலையும் இல்லை. ஆனால் நகலில் ஒரு விஷயம் இருக்கிறது. அசல் ஜப்பானியப் போர்டில் சில்லுகள் பெரும்பாலும் ஹிட்டாச்சி, ஃபுஜிட்சு என்று ஜப்பானியப் பெயர்களிலேயே வரும். நகல் செய்பவன் எங்கே மலிவோ அங்கே வாங்குவான். பிரஷ்ஷால் தூசியைத் துடைத்துவிட்டு பூதக்கண்ணாடி வைத்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன். 74 என்று தொடங்கும் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள். மேலே டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் முத்திரை, மொட்டோரோலாவின் ‘எம்’. பக்கத்தில் நான்கு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது. 8712 என்றால் 1987இன் பன்னிரண்டாவது வாரம். அதற்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், ஒரு சில்லில் அல்ல, பத்துப் பதினைந்து சில்லுகளில்: மலேசியா.

மொட்டோரோலாவின் தொழிற்சாலை சுங்கைவேயில் இருந்தது. என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கோலாலம்பூரின் மறுகரையில், உலு கிள்ளான் பக்கம்.

பெட்டாலிங் ஜெயாவே ஒரு தோட்டத்தின் மேல் எழுந்த ஊர். 1950களின் தொடக்கத்தில் 1,200 ஏக்கர் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தை எடுத்து, கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க இங்கே வீட்டுமனைகள் போட்டார்கள். தோட்டம் போனது. எஃபிங்ஹாம் என்ற பெயரைப் பண்டார் உத்தாமாவில் உள்ள தமிழ்ப்பள்ளி மட்டும் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. 1971இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. வரிச்சலுகையோடு வெளிநாட்டுக் கம்பெனிகள் பினாங்கின் பாயான் லெப்பாஸுக்கும், இங்கே சுங்கைவேக்கும் வந்தன. சிலிக்கான் தகடுகள் அமெரிக்காவில் தயாராகி விமானத்தில் வரும். இங்கே அவற்றை நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, மயிரிழையைவிட மெல்லிய தங்கக் கம்பியால் காலோடு இணைத்து, கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி, சோதித்து, மறுபடி விமானத்தில் அனுப்புவார்கள். இணைக்கும் வேலை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே. அந்த மைக்ரோஸ்கோப்புகளுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பெண்கள். பெரும்பாலோர் கம்பங்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள். தோட்டங்களிலிருந்து வந்த நம் பெண்களும் கணிசமாக இருந்தார்கள்.

என் சின்னம்மா அவர்களில் ஒருத்தி. விடியற்காலை தோட்டத்து வாசலுக்கு வரும் ஃபெக்டரி பஸ்ஸில் ஏறி, இரவு ஷிப்ட் என்றால் மறுநாள் காலை இறங்குவார். தோட்டத்தில் வெட்டுக்காட்டுக்குப் போகாமல் சம்பளம் வாங்கிய எங்கள் குடும்பத்தின் முதல் பெண். அதற்காக அவரை யாரும் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. நைட் ஷிப்ட் போகும் பெண் என்றால் பேச்சுக்குக் குறைவா? மலாய்க்காரர்கள் மத்தியில் அந்தப் பெண்களுக்கு ‘மீனா காரான்’ என்று ஒரு கேலிப்பெயரே இருந்தது. காரான் என்றால் கரண்ட். சம்பளத்தில் லிப்ஸ்டிக் வாங்குகிறார்கள், சினிமாவுக்குப் போகிறார்கள், கெட்டுப்போகிறார்கள் என்று பத்திரிகைகளும் மேடைகளும் கவலைப்பட்டன. ஷிப்ட் நேரத்தைப் பற்றியும் கண்வலியைப் பற்றியும் கவலைப்பட்டது குறைவு. மின்னணுத் தொழிலாளர்கள் நாடு தழுவிய சங்கம் அமைக்க நெடுங்காலம் விடவில்லை. 1988இல் சங்கம் வைக்கலாம் என்று கதவு திறப்பதுபோல் திறந்து, கம்பெனிக்குள்ளேயே தனித்தனிச் சங்கம் மட்டும்தான் என்று முடித்தார்கள். வட்டார அளவில் சங்கம் வைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போர்டை எடுத்துக்கொண்டு சின்னம்மாவிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போர்டைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்தார்.

“எந்தக் கம்பெனி?”

சொன்னேன். அவருடையது வேறு கம்பெனி. ஆனால் சில்லின் கால்களை விரலால் ஒரு பக்கமாகத் தடவினார், பதினாலு என்று எண்ணாமலே சொன்னார்.

“நம்ம வேல வெளிய தெரியாதுடா. உள்ள இருக்கும். மேல மூடிருவாங்க.”

“அப்ப இதெல்லாம் எதுக்குப் போவுதுன்னு தெரியுமா?”

“கம்ப்யூட்டருக்குன்னு சொன்னாங்க. ராக்கெட்டுக்குன்னு ஒரு சூப்பர்வைசர் சொன்னான். கேம்முக்குன்னு எவனும் சொல்லல.”

சம்பள நாளில் எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுப்பார், சில்லறையாக. ஐந்து இருபது காசு. அது நேரே எங்கே போனது என்பதை அவரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

கேம் கடை எங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கடைவீட்டின் மேல்மாடி, அல்லது சினிமா தியேட்டரின் பக்கவாட்டு. கண்ணாடியில் கறுப்புத்தாள் ஒட்டியிருக்கும். பள்ளிச் சீருடையில் உள்ளே வரக்கூடாது என்று மலாயில் ஒரு போர்டு. அதனால் பையில் ஒரு டீ-சட்டை எப்போதும் இருக்கும். உள்ளே சிகரெட் புகை, குளிர்சாதனத்தின் ஈர வாசனை, எல்லா இயந்திரமும் ஒரே நேரத்தில் போடும் சத்தம். அடுத்து நான் என்பதற்கு அடையாளமாகத் திரைக்குக் கீழ் விளிம்பில் காசை வைக்க வேண்டும். அதில் ஏமாற்று கிடையாது. இனம், வயது, பள்ளிக்கூடம் எதுவும் அங்கே பேசாது, காசு வைத்த வரிசைதான். பிரிக்பீல்ட்ஸ் பையனும் சீனப் பையனும் மலாய்ப் பையனும் தோளோடு தோள் நின்று அடுத்தவனின் விமானத்தைப் பார்த்தார்கள். நன்றாக ஆடுபவனுக்குப் பின்னால் கூட்டம் சேரும். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபின் அந்தக் கூட்டம் இரண்டு மடங்கானது, ஏனென்றால் இப்போது எதிரி இயந்திரம் இல்லை, பக்கத்தில் நிற்பவன். தோற்றவன் விலக வேண்டும், வென்றவன் அதே இருபது காசில் நிற்கலாம்.

பெற்றோரின் பயத்தை நான் இன்று கேலி செய்யத் தயாரில்லை. என் அப்பா ரோத்தானோடு வந்து என்னைக் காதைப் பிடித்து இழுத்துப்போன நாளில், அவருக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரியாததும் ஒன்று இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்துப் புறம்போக்குகளிலும் அடுக்குமாடிகளிலும் வந்து விழுந்த நம் பையன்களை யார் முதலில் கூப்பிடுகிறார்களோ அவர்கள் பின்னால் போய்விடுவார்கள் என்பது. சில கடைகளில் அப்படிக் கூப்பிடுபவர்கள் இருந்தார்கள். கடையின் பின்பகுதியில் திரை போட்ட அறையும் இருந்தது. அங்கே ஓடியது விமானம் அல்ல, சுழலும் பழங்களும் சீட்டுகளும்.

இங்கேதான் நான் முன்னால் சொன்ன செருகி மறுபடியும் வருகிறது. எந்தப் போர்டையும் எந்தப் பெட்டியிலும் மாற்றலாம் என்பது கடைக்காரருக்குக் கிடைத்த வசதி. சூதாட்டப் போர்டுகளின் முனை அமைப்பு கொஞ்சம் வேறு, ஆனால் ஒரு மாற்றுக் கம்பிக்கட்டு போதும். பகலில் விளையாட்டு, ராத்திரி சூது, பெட்டி ஒன்றே. வெளியிலிருந்து பார்க்கிற அதிகாரிக்கு எது எது என்று தெரியாது. திறமையால் ஆடுவதற்கும் அதிர்ஷ்டத்தால் ஆடுவதற்கும் உள்ள கோட்டை இயந்திரமே அழித்துவிட்டது.

இந்தக் குழப்பம் நம் ஊரில் பிறந்ததும் அல்ல. நியூயார்க் மேயர் லாகார்டியா 1942இல் பின்பால் இயந்திரங்களைச் சூதாட்டம் என்று தடை செய்தார், சம்மட்டியால் அடித்து நொறுக்கிப் படமும் எடுத்துக்கொண்டார். அந்தத் தடை 1976இல்தான் நீங்கியது. ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகரமன்றத்தின் முன் இயந்திரத்தை வைத்து, பந்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக்காட்டினார். நம் பக்கத்து பிலிப்பீன்ஸில் 1981இல் மார்க்கோஸ் ஒரே உத்தரவில் எல்லா வீடியோ கேம்களையும் தடை செய்தார். நமக்கு அப்படி ஒரு ஷார்ப் வாய்க்கவில்லை. கோலாலம்பூருக்கு 1992இல் ஒரு கேளிக்கைச் சட்டம், சிலாங்கூருக்கு 1995இல் ஒரு கேளிக்கைச் சட்டம் என்று உரிமங்கள் இறுகிக்கொண்டே வந்தன. 2000ஆம் ஆண்டின் இறுதியில், மாணவர்கள் கெடுகிறார்கள், மறைவில் சூதாட்டம் நடக்கிறது என்ற காரணங்களோடு கேம் கடைகளை மூட அரசு முடிவெடுத்தது. கெந்திங் மலைமேல் 1971இலிருந்து உரிமத்தோடு ஓடும் கசினோவில் சூதாட்ட இயந்திரங்கள் வழக்கம்போல் சுழன்றன. பிறகு பேரங்காடிகளில் குடும்பப் பொழுதுபோக்கு மையங்கள் பளபளவென்று வந்தன. அங்கே போக முதலில் பேரங்காடிக்குப் போகிற குடும்பம் வேண்டும்.

மின்னணுப் பெண்களைப் பற்றிய அதே வார்த்தைகள் பையன்களைப் பற்றியும் சொல்லப்பட்டதை நான் வெகு தாமதமாகத்தான் கவனித்தேன். கெட்டுப்போகிறார்கள். சில்லைச் செய்த அக்காவும் கெட்டுப்போனாள், சில்லில் விளையாடிய தம்பியும் கெட்டுப்போனான். இருவரும் ஒரே லயத்திலிருந்து வந்தவர்கள்.

மூடிய கடைகளின் பெட்டிகள் எங்கே போயின? பல எரிந்தன, பல மழையில் ஊறின. டியூப்பை எடுத்துக்கொண்டு பலகையை விறகாக்கியவர்கள் உண்டு. போர்டுகள் கிலோ கணக்கில் பழைய சாமானுக்குப் போயின. 1997இல் நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் தொடங்கிய மேம் என்ற மென்பொருளால் பழைய விளையாட்டுகளை இன்று எந்தக் கணினியிலும் ஆடலாம். உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, தட்டைத் திரை போட்டு, ஆயிரக்கணக்கான விளையாட்டுகளோடு விற்கிறார்கள். என் பெட்டியை எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான், “அங்கள், இதுல எத்தன கேம் இருக்கு?” ஒன்று என்றேன். பரிதாபமாகப் பார்த்தான்.

மேமைக் குறைசொல்ல மாட்டேன். அழிந்த போர்டுகளின் நிரல்களைக் காப்பாற்றி வைத்திருப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அதில் 8712 என்ற எண் இல்லை, அதற்குக் கீழே ஊர்ப்பெயர் இல்லை, பேக்-மேன் தழும்பும் இல்லை. என் திரையில் 1943 ஓடும்போது கடல் நீலத்துக்கு அடியில் அந்தப் பழைய சந்துகள் மங்கலாகத் தெரியும். டியூப்பை மாற்றச் சொன்னார்கள். சரக்கு கிடைக்கும்போது மாற்றலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாற்றப்போவதில்லை.

கடைசியாகக் காசுப்பெட்டி. வீட்டில் வைத்திருப்பவர்கள் போர்டில் உள்ள சின்ன சுவிட்சுகளைத் தள்ளிக் காசில்லாமல் ஆடும்படி வைத்துக்கொள்வார்கள், அல்லது காசுக்கதவுக்குப் பின்னால் ஒரு பட்டனை வைப்பார்கள். நானும் முதல் மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரே வாரத்தில் அலுத்துவிட்டது. செத்தால் பட்டனை அழுத்து, செத்தால் பட்டனை அழுத்து. இரண்டு மணி நேரத்தில் கடைசிக் கப்பல் வரைக்கும் போனேன், ஒரு சந்தோஷமும் இல்லை. கையில் இரண்டு காசு மட்டும் இருந்த காலத்தில் நான்காவது கட்டத்தைத் தாண்டியதற்கு ஒரு வாரம் பெருமை பேசியிருக்கிறேன். காசுப்பெட்டியைச் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

அது மின்சாரம் இல்லாத பழைய வகை. காசு ஒரு சின்னத் தொட்டிலில் விழும். அளவும் எடையும் சரியாக இருந்தால் தொட்டில் சாய்ந்து காசு உள்ளே போகும், இல்லையென்றால் கீழே துப்பிவிடும். ஒரு புது இருபது காசைப் போட்டேன். துப்பியது. இன்னொன்று. துப்பியது. பிறகுதான் உறைத்தது. 2012இல் வந்த புது வரிசைக் காசுகள் சிறியவை, மஞ்சள் நிறம், குறுக்களவு 20.6 மில்லிமீட்டர். இந்தத் தொட்டில் செய்யப்பட்டது அதற்கு முந்தைய வெள்ளைக் காசுக்கு, 23.59 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இந்த இயந்திரத்துக்கு இன்றைய பணம் செல்லாது. சாமி மேடை உண்டியலைக் கவிழ்த்துத் தேடினேன். பழைய இருபது காசு பதினொன்று கிடைத்தது. எண்ணெய்ப் பிசுக்கும் விபூதியும் ஒட்டியிருந்தன, கழுவினேன். வீட்டில் இப்போது அவைதான் செலாவணி. விளையாடி முடித்தால் கதவைத் திறந்து எடுத்து மறுபடி கிண்ணத்தில் போட வேண்டும்.

போன தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு. முறுக்கையும் நெய்யுருண்டையையும் விட்டுவிட்டு அண்ணன் பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துப் பையன், மகளின் மலாய்த் தோழிகள் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பதினொரு காசுதான் இருக்கிறது என்பதால் அரை மணி நேரத்தில் தானாகவே ஒருவர் காசைத் திரைக்குக் கீழ் விளிம்பில் வைத்து வரிசை பிடித்தார். ஆயிரம் கேம் கேட்ட பையன் மூன்றாவதாக நின்றான்.

சின்னம்மாவும் வந்திருந்தார். நாற்காலி போட்டோம். பட்டனுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, “எது சுடறது, எது திருப்பறது?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். காசு போட்டது பேத்தி. விமானம் கிளம்பி அரை நிமிடத்தில் முதல் முறை விழுந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டாவது முறை கொஞ்ச தூரம் போனது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போர்டைப் பார்த்த அதே மாதிரி, முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனார். மூன்றாவதும் போயிற்று. வெளியே எங்கோ சுபாங் பக்கம் இடி உருண்டது. பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று நான் எழுந்தேன்.

“இரு,” என்றார் திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டி. “இன்னொரு காசு குடு.”